குறையாத சாமான்

கொழும்புத்துறைச் செபநாயகத்தைக் கள்ளன் என்று யாராவது சொன்னால் அந்தக் கோயில் பங்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பக்கத்து வளவு மாமரம் அவருடைய மதிலுக்கு இந்தப்புறம் ஒரு பழத்தை விழுத்தினால், அதைப் பொறுக்கி மதிலுக்கு மேலால் திருப்பி எறிந்துவிடுகிற மனிதர் அவர். எறிந்த பழம் அங்கே போய்ச் சிதறுகிறதே தவிர யார் வாய்க்கும் போவதில்லை என்று மனைவி லூர்த்தம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பழம் என்ன ஆகிறது என்பது அவருடைய பொறுப்பில்லை. அது தன் வளவில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை தன் ஓட்டோவில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுப்பதற்காகத் தூரத்து நெல்லியடி வரைக்கும் போய்வந்தார். குடையில் இரண்டு கம்பி முறிந்திருந்தது. குடைக்காரி அதை வேண்டுமென்றுதான் விட்டுவிட்டுப் போயிருந்தார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்டவரிடம் பதினோராயிரத்துச் சொச்சம் பாட்டுகள் இருந்தன. அதில் ஒன்றைக்கூட அவர் முறைப்படி வாங்கியதில்லை. ஒருவர் தந்தார், இன்னொருவர் அனுப்பினார், மூன்றாமவர் போனிலிருந்து இறக்கிக்கொண்டார். வந்ததை எல்லாம் அவர் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கேட்காதவருக்கும் கொடுத்தார். ஓட்டோவில் ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற நோயாளிகூட இறங்கும்போது போனில் நாலு பாட்டோடுதான் இறங்குவார். இதை மாம்பழத்தோடு சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம், லூர்த்தம்மாவோடு கத்தினதைச் சொல்லுவார், பூசைக்குப் பிந்திப் போனதைச் சொல்லுவார். பாட்டைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அவருடைய நியாயம் பழைய நியாயம். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற துளி மின்சாரத்தில் ரேடியோவையும் கசற்றையும் கேட்ட காலம். அப்போது இளந்தாரியாக இருந்த செபநாயகம் அந்தப் பகுதியிலேயே சீராகச் சுற்றக்கூடிய ஆள் என்று பெயர் எடுத்தவர். சுற்றுகிறவனுக்குக் கை நோகும். பாட்டு அந்த ஒழுங்கை முழுவதற்கும், அத்தனை வீட்டுக்கும் கேட்கும். கேட்கிறவர்களிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் தலைக்குள் ஏறியது இதுதான்: பாட்டைப் பூட்டி வைக்கிறவன்தான் கெட்டவன். முப்பது வருடமாகியும் அது இறங்கவில்லை.

அந்தக் காலத்துக் கசற்றுகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டார். ஒன்றே ஒன்றைத் தவிர. பெயர் எழுதாத ஒரு கறுத்தக் கசற் அலுமாரியின் மேல்தட்டில் பிஸ்கற் தகரப் பேணி ஒன்றுக்குள் கிடந்தது. அதை ஏன் ஏற்றவில்லை என்று கேட்டால் நாடா அறுந்துபோயிற்று என்பார். நாடா அறவில்லை என்பது லூர்த்தம்மாவுக்கும் தெரியும், பேணிக்கும் தெரியும்.

செபநாயகத்துக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லவும் முடியாது. சட்டம் அவருக்கு ஓட்டோவின் பின்சீற்றில் இருந்தே வந்தது. கொக்குவில் மார்க்கண்டு நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வியாழன்தோறும் நூலகத்துக்குப் போக செபநாயகத்தின் ஓட்டோவைத்தான் பிடிப்பார். பழைய பாட்டில் இருவருக்கும் ஒரே பைத்தியம். இருவருக்கும் நடுவே ஒரு சிவப்பு பென் டிரைவ் போய்வந்துகொண்டிருந்தது.

அந்த பென் டிரைவுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த நீதிமன்றத்திலும் இல்லாத சட்டம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டியில் புட்டோ கறியோ வந்தால், அந்தச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். பென் டிரைவும் இவர்களுக்குச் சட்டிதான். மார்க்கண்டர் பத்துப் பாட்டுப் போட்டு அனுப்பினால், அடுத்த வியாழன் செபநாயகம் பத்துப் போட்டுத்தான் கொடுப்பார். ஏழெட்டு வருடமாக அது ஒருநாளும் வெறுமையாகக் கை மாறவில்லை.

ஒருநாள் மார்க்கண்டர், பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டே, தாங்கள் செய்வது குற்றம் என்று அறிவித்தார். அறிவுசார் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம். பாடியவருடைய அனுமதி இல்லாமல் பாட்டைப் பிரதி பண்ணி இன்னொருவருக்குக் கொடுப்பது பிழையாம். செபநாயகம் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார். பெரிய விசயம் கதைக்கும்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை.

"மார்க்கண்டர், சோத்தைக் குடுத்தால் என்ரை கோப்பையிலை குறையும். பாட்டைக் குடுத்தால் உங்களிட்டையும் இருக்கு, என்னட்டையும் இருக்கு. குறையாத சாமானிலை களவு எங்கையிருந்து வந்தது?"

"ஐசே, சட்டம் உம்மடை கோப்பையைப் பாக்கிறேல்லை. பாடினவன்ரை கோப்பையைத்தான் பாக்கும்."

பாடினவர்கள் எல்லாம் கப்பல் போன்ற காரில் போகிறவர்கள், அவர்களுக்கு என்ன குறையப்போகிறது என்று செபநாயகம் கேட்டார். மார்க்கண்டரிடம் அதற்குப் பதில் இருந்திருக்கும். ஆனால் பையில் இருந்த பாட்டுகளை வீட்டுக்குப் போய்க் கேட்கிற அவசரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

செபநாயகத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பாட்டு ஒன்று கைக்கு வந்தவுடன் அதன் பெயரை மாற்றிவிடுவார். ஓட்டோவில் இருக்கும் பாட்டுப் பெட்டி நீளமான பெயர்களைக் காட்டாது. அதனால் பாடியவர், எழுதியவர், இசை போட்டவர் எல்லாரையும் அழித்துவிட்டு "மழை 3", "அழுகை 12", "மாதா 7" என்று தன் வசதிக்கு எழுதிவைப்பார். பதினோராயிரம் பாட்டுகளுக்கும் இப்படி அவரே ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்.

இனி ஜெசிதாவைச் சொல்லவேண்டும். ஜெசிதா, செபநாயகத்தின் தங்கை சிசிலியாவின் ஒரே மகள். நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியை. சிசிலியா கடற்கரை வாடியில் கூலிக்கு இறால் கோது, அதாவது ஓடு, உரித்துத்தான் அவளைப் படிக்கவைத்தார். அந்தப் பிள்ளை தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி ஒரு பாட்டுச் செய்தாள். டினேஸ் என்ற கூட்டாளி நெல்லியடியில் தன் வீட்டு அறை ஒன்றின் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் ஆக்கியிருந்தான். பாட்டு, இறால் உரிக்கிற பெண்களைப் பற்றியது. அதற்குத் தாளம் மத்தளமும் இல்லை, தபேலாவும் இல்லை. சிசிலியாவின் கை உரித்துப் போடுகிற கோது அலுமினியச் சட்டியில் விழுகிற சத்தத்தைப் பதிவு செய்து, அதையே தாளமாக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் பிடித்து, சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து அதை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் போனது.

முடிகிற கட்டத்தில் ஜெசிதா அதை மாமாவிடம் கொண்டுவந்தாள். சனங்கள் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்பதில்லை, வான் வண்டியிலும் ஓட்டோவிலும்தான் கேட்கிறார்கள். ஓட்டோவில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவேண்டும் என்றாள். அது பரீட்சைப் பிரதி. நடுவில் ஓர் இடத்தில் சிசிலியா வீட்டு முருங்கையில் இருந்த காகம் ஒன்று கரைந்ததும் பதிவாகியிருந்தது. அதைப் பிறகு எடுத்துவிடுவோம் என்றாள். வெளியீட்டு விழா வைக்கப்போவதாகவும், முதற்பிரதியை மாமாதான் வாங்கவேண்டும் என்றும் சொன்னாள். இறங்கும்போது திரும்பி நின்றாள்.

"மாமா, ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ."

"ஓம் பிள்ளை."

அந்த ஓமில் கள்ளம் இல்லை. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. தங்கையின் கைச் சத்தம் ஓட்டோ ஸ்பீக்கரில் விழுந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரம் அவர் யாரையும் ஏற்றாமல் கடற்கரை வீதியில் இரண்டு முறை போய்வந்தார், அந்தப் பாட்டுக்காகவே.

கெடுத்தது வியாழக்கிழமை. மார்க்கண்டருடைய சிவப்பு பென் டிரைவைக் கொடுக்கவேண்டிய நாள். முந்தின கிழமை மார்க்கண்டர் எங்கும் கிடைக்காத பழைய பாட்டுகள் பத்தை அதில் அனுப்பியிருந்தார். அதற்கு ஈடாகப் போட செபநாயகம் தன் பதினோராயிரத்தையும் துழாவினார். எதைத் தொட்டாலும் அது மார்க்கண்டரிடம் ஏற்கெனவே இருந்தது. அவரே கொடுத்தது, அல்லது அவரிடம் இருந்து வந்தது. நல்ல சாப்பாடு வந்த சட்டியில் பழங்கஞ்சியை ஊற்றிக் கொடுக்கிறதா? வெறுமையாகக் கொடுக்கிற யோசனையோ அவருக்கு வரவே இல்லை. மார்க்கண்டர் வெளியாள் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மருமகள் ஜெசிதாவின் பாட்டைப் போட்டார். வழக்கம்போலப் பெயரை மாற்றி "றால் 1" என்று எழுதினார்.

சத்தியமாக அவர் நினைத்தது, மார்க்கண்டர் கேட்டுவிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லுவார் என்பதுதான். மார்க்கண்டரும் சொன்னார். போனில் கூப்பிட்டு, தாளம் அபாரம் என்றார். செபநாயகம் மருமகளுக்கு மனத்துக்குள் மாலை போட்டார். சுடச்சுட எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், புதன்கிழமை காலை, கொக்குவில் றெயில் கடவையில் படலை மூடிக் கிடந்தது. செபநாயகத்தின் ஓட்டோவுக்குள் ஜெசிதாவின் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் உரத்துக் கேட்கிறதே என்று சத்தத்தைக் குறைத்தார். குறையவில்லை. இன்னும் குறைத்தார். கடைசியில் பெட்டியையே நிறுத்தினார். பாட்டு அப்படியே போனது. பக்கத்தில் நின்ற வானுக்குள் இருந்து கோது விழுகிற சத்தமும், நடுவில் காகமும் தெளிவாகக் கேட்டன.

இது என்ன பாட்டு என்று வான்காரனிடம் கேட்டார்.

"உது சாமத்தியவீட்டுப் பாட்டு அண்ணை. பேஸ்புக்கிலை ஓடுது. காணேல்லையே?"

வான்காரன் தன் போனைக் காட்டினான். பூமாலையும் தங்கத் தோரணமுமாக ஒரு மண்டபம். பெரியபிள்ளையான சிறுமி ஒருத்தி தலைநிறையக் கொண்டைமாலையோடு பல்லக்கில் வருகிறாள். ஆரத்தி சுற்றுகிறார்கள். பின்னணியில் ஜெசிதாவின் குரல், இறாலுக்குத் தலையைக் கிள்ளிக் கோதை உரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. சைவ வீட்டுச் சாமத்தியத்துக்கு அதைப் போட்டவன் பாட்டின் சொல்லைக் காதில் வாங்கவே இல்லை என்பது நிச்சயம். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள்.

போட்டவன் வேறு யாருமில்லை, மார்க்கண்டருடைய மகன் கோபிசங்கர். கலியாணவீடு, சாமத்தியவீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். தகப்பனுடைய கணினியில் "றால் 1" கிடந்திருக்கிறது. யாருடையது என்று எழுதவில்லை. யாருடையதும் இல்லாத பாட்டு என்றால் தன்னுடையதாக்கலாம் என்று எடுத்துவிட்டான். செபநாயகம் போய் நின்றதும் அவன் பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்காமல் அந்த வீடியோவை அந்த இடத்திலேயே அழித்தான். ஆனால் அதற்குள் அதை இறக்கிவைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று அவனுக்கே தெரியாது. நல்ல பாட்டுக் கண்டால் விடாமல் இறக்கி, கூட்டாளிக்கு அனுப்புகிறவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். செபநாயகம் ஒருவர்தான் அப்படி என்று நினைத்திருந்தது செபநாயகம் மட்டும்தான்.

பக்கத்தில் நின்ற மார்க்கண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய தொழில் அவரை விடவில்லை.

"சட்டப்படி பாத்தால் குற்றவாளிக் கூண்டிலை முதலாம் எதிரி நீர். ரெண்டாம் எதிரி நான். மூண்டாம் எதிரி என்ரை மோன். பிள்ளையிட்டைப் போய்ச் சொல்லும், ஐசே. இண்டைக்கே சொல்லும்."

செபநாயகம் ஓம் என்றார். இவருடைய ஓம்களுக்கு ஆயுள் குறைவு. அன்று பின்னேரம் ஜெசிதா வீட்டு வாசல்வரை போனார். உள்ளே விழாவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள், சிசிலியா புதுச்சீலையை எடுத்துக் காட்டினார், அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டார். வியாழனும் போனார். வெள்ளியும் போனார். மூன்று தேத்தண்ணி குடித்ததுதான் மிச்சம். விழாவுக்கு வருகிற சனம் சாமத்தியவீட்டு வீடியோவைப் பார்த்திராது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் சாமத்தியவீட்டு வீடியோ பார்க்காத சனம் எங்கே இருக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

அழைப்பிதழ் வேறு அவரைப் போட்டு வதைத்தது. "முதற்பிரதி பெறுபவர்: திரு. ம. செபநாயகம்" என்று தனி வரியில் அடித்திருந்தது. அச்சாகி வந்த நாளிலிருந்து அதை ஓட்டோ முன்கண்ணாடியில் செருகி, ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஒவ்வொரு தடவையும் அது அவரைத் திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பங்கு மண்டபத்தில் விழா தொடங்கியது. ஜெசிதாவோடு படிப்பிக்கிற குணலட்சுமி ரீச்சர் ஒலிவாங்கியில் நின்று நிகழ்ச்சியை நடத்தினார். பங்குத்தந்தை ஆசியுரை சொன்னார். முன்வரிசையில் சிசிலியா, பக்கத்தில் லூர்த்தம்மா, அதற்குப் பக்கத்தில் செபநாயகம். பின்னால் எங்கோ மார்க்கண்டரும் கோபிசங்கரும் ஒருவருக்குப் பின் ஒருவர் மறைந்து இருந்தார்கள். முதலில் பாட்டைப் போட்டார்கள். காகம் இல்லாத, துப்புரவான பாட்டு. இரண்டாவது அடியிலேயே பின்வரிசையில் சிலர் கூடப் பாடத் தொடங்கினார்கள்.

புதுப்பாட்டைச் சபை கூடப் பாடுகிறது என்றால் அதைவிடச் சந்தோசம் என்ன? மேடையில் இருந்த ஜெசிதா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டு முடிய, வெளியீட்டுரைக்கு நமசிவாயம் ஐயா எழுந்தார். ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். மரியாதையான மனிதர், எதையும் மெதுவாகத்தான் சொல்லுவார். குரலைப் பாராட்டினார். சொல்லைப் பாராட்டினார். பிறகு, இதே மெட்டையும் தாளத்தையும் போன கிழமை ஒரு சாமத்தியவீட்டு வீடியோவில் தான் கேட்டதாகச் சொன்னார். இளம் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு அதில் இருந்து எடுத்துச் செய்வது பிழையில்லை என்றார். ஆனால் எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டுச் செய்வதுதான் கலைக்கு அழகு என்றார்.

மண்டபம் முழுவதும் தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்தன. ஓம், நானும் கேட்டனான் என்று ஒரு குரல். அதுதான் பாத்தன், பாட்டுத் தெரிஞ்ச பாட்டாக் கிடக்கு என்று இன்னொன்று. சிசிலியா யாரையும் பார்க்காமல் கைகளைச் சீலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். இறால் முள் குத்திக் குத்திக் கறுத்த விரல்கள் அவை. நல்ல இடங்களுக்கு வந்தால் அவற்றை மறைப்பது அவருடைய வழக்கம். மேடையில் ஜெசிதா நேராக இருந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு வருடம் பஸ்ஸில் அலைந்து செய்த பாட்டுக்கு முன்னால் அவள் களவெடுத்தவளாக இருந்தாள்.

குறையாத சாமானில் குறைந்தது என்ன என்று செபநாயகத்துக்கு அப்போது கண்ணுக்கு நேரே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

குணலட்சுமி ரீச்சர் சமாளித்துக்கொண்டு அடுத்ததை வாசித்தார். முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள ஜெசிதாவின் தாய்மாமன் திரு. செபநாயகம் மேடைக்கு வரவும். தட்டில் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளை பென் டிரைவுக்கு றிபன் கட்டி வைத்திருந்தார்கள். செபநாயகம் மேடையேறினார். தட்டைத் தாண்டிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். முப்பது வருடம் ஸ்பீக்கரோடு வாழ்ந்தவர், ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது அதுதான் முதல்தடவை.

"நமசிவாயம் ஐயா சொன்னது சரி. களவு நடந்தது. எடுத்தது நான்."

பாட்டு தன்னிடம் வந்த கதையையும், மார்க்கண்டரின் பென் டிரைவையும், "றால் 1" என்று பெயர் வைத்ததையும், ஒன்றையும் விடாமல் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவர்கள் பின்வரிசையில் இன்னும் கொஞ்சம் பதிந்தார்கள். நம்பாதவர்கள் இருந்தால் அந்த வீடியோவைப் போட்டுக் கேட்கலாம் என்றார். நடுவில் ஒரு காகம் கரையும். அது தன் தங்கை வீட்டு முருங்கைமரத்துக் காகம். உலகத்தில் வேறெந்தப் பாட்டுக்காரனிடமும் அந்தக் காகம் இருக்காது.

"கோது விழுற சத்தம் என்ரை தங்கச்சி சிசிலியான்ரை கை. அந்தக் கையாலைதான் இந்தப் பிள்ளையைப் படிப்பிச்சவ. பிள்ளை ஒருத்தரிட்டையும் எடுக்கேல்லை. நான்தான் பிள்ளையிட்டை எடுத்தனான்."

யாரோ உடனே போனில் இறக்கிவைத்திருந்த அந்த வீடியோவைத் தட்டினார்கள். கேட்கவேண்டிய இடத்தில் காகம் கரைந்தது. சபை சிரித்தது, பிறகு கைதட்டியது. நமசிவாயம் ஐயா இருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து ஜெசிதாவிடம் கைகூப்பினார். அவரும் அந்த வீடியோவைத் தன் போனில் இறக்கிவைத்திருந்தவர்தான் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிதா தட்டிலிருந்து பென் டிரைவை எடுத்து மாமாவின் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

விழா முடிந்து வெளியே வந்ததும் செபநாயகத்தைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம்: அண்ணை, அந்தக் காகமில்லாத பாட்டை எங்களுக்கும் ஒருக்கால் போனிலை போட்டுவிடுங்கோ. இப்போதுதானே ஒரு மனிதன் மேடையில் நின்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டு வந்தான் என்கிற யோசனை ஒருவருக்கும் இல்லை. செபநாயகம் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஏலாது என்று சொன்னார். ஜெசிதாவின் பேஸ்புக் பக்கத்தில் போய்க் கேளுங்கோ, எத்தினை பேர் கேட்டது எண்டு பிள்ளைக்குத் தெரியவேணும் என்றார். சொல்லி முடிக்க அவருக்கு வியர்த்துவிட்டது.

ஓட்டோவுக்குள் வந்து முதற்பிரதியைப் பெட்டியில் செருகினார். ஒன்றும் பாடவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி செருகினார். பெட்டி பாட்டில்லை என்று காட்டியது. அவர் கையில் இருந்தது றிபன் கட்டிய வெறும் பென் டிரைவ்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஜெசிதாவிடம் போனார். எங்கோ தவறு நடந்திருக்கிறது, இதில் ஒன்றுமில்லை என்றார். தவறு ஒன்றும் நடக்கவில்லை என்றாள் ஜெசிதா. புதன்கிழமையே டினேஸ் அந்த வீடியோவைக் காட்டிவிட்டானாம். காகத்தைக் கேட்டதுமே யாரிடம் இருந்து போனது என்று தெரிந்துவிட்டதாம். அந்தக் காகம் இருந்த பிரதி ஒருவரிடம்தான் இருந்தது.

"மூண்டு நாள் பாத்தனான் மாமா. நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்தியள். தேத்தண்ணி குடிச்சியள். போயிட்டியள்."

செபநாயகம் நிலத்தைப் பார்த்தார். தெரிந்த பிறகும் ஏன் தன்னை முதற்பிரதிக்குக் கூப்பிட்டாய் என்று கேட்டார். அழைப்பிதழ் அடித்தாயிற்று, மாற்ற ஏலாது என்றாள். பிறகு கொஞ்சம் இரங்கி, மேடையில் சொன்னது பெரிய காரியம் என்றாள். ஆனால் பாட்டுப் போட்ட பென் டிரைவை மாமாவிடம் கொடுக்கத் தனக்கு இன்னும் பயமாக இருக்கிறது என்றாள். அவர் அதைத் திருப்பி நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"வெறுமையாத் திருப்பித் தரமாட்டியள்தானே, மாமா. அந்தப் பிஸ்கற் பேணியிலை கிடக்கிற கசற்றை இதிலை போட்டுத் தாங்கோ."

காட்டிக்கொடுத்தது லூர்த்தம்மாதான். செபநாயகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது இருபத்துமூன்று வயதில், அதே லூர்த்தம்மாவை நினைத்து அவர் தானே கட்டிப் பாடிய பாட்டு. பாடியது அவர் என்பதால் டைனமோ சுற்றக் கூட்டாளி ஒருவனைப் பிடித்திருந்தார். அவன் கடைசிச் சரணத்தில் களைத்துப்போனான். சுற்றல் தளர்ந்து தளர்ந்து, கசற்றில் பதிந்த பாட்டு கோணல்மாணலாகிவிட்டது. போட்டுக் கேட்டால் காதலனுடைய குரல் கடைசியில் கோழிக்குஞ்சின் குரலாக முடியும்.

"அது என்ரை சாமான் பிள்ளை. அதைப்போய் எப்பிடி…"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜெசிதா தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

அந்த வியாழன் மார்க்கண்டருக்குச் சிவப்பு பென் டிரைவ் வெறுமையாகத்தான் போனது. சட்டியை வெறுமையாகக் கொடுக்கக் கை வராததால், கூட ஒரு சீப்புக் கதலிப்பழம் போனது. மார்க்கண்டர் அதை ஆட்சேபனை இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

கசற்றைக் கணினியில் ஏற்ற செபநாயகத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஒரு கிழமை எடுத்தார். ஒவ்வொரு நாளும் பேணியைத் திறப்பார், மூடுவார். ஒருநாள் ஏற்றினார், கோழிக்குஞ்சைக் கேட்டார், அழித்தார். லூர்த்தம்மா குசினிக்குள் இருந்து அந்தப் பாட்டை வாய்க்குள் பாடுவது கேட்டது. முப்பது வருடமாக மறக்கவில்லை. மறுநாள் திரும்ப ஏற்றினார். பெயர் எழுதவேண்டிய இடத்தில் வழக்கம்போல "காதல் 41" என்று எழுதப் போய், கையை எடுத்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: எழுதிப் பாடியவர் ம. செபநாயகம். டைனமோ சுற்றியவனுடைய பெயரையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிதா வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. றிபன் கட்டிய வெள்ளை பென் டிரைவை அவர் அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகும் ஒரு முனையை விடாமல் பிடித்திருந்தார்.

"ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை, பிள்ளை."

"ஓம் மாமா" என்றாள் ஜெசிதா.

அவள் அதைச் சொன்ன விதம் செபநாயகத்துக்கு நன்றாகப் பழக்கமான விதமாக இருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். அவர் ஓட்டோவை எடுக்காமல் வாசலில் நின்று, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.